ஸ்டட் உடைந்தால் வண்டியை நிறுத்துங்கள்

அருப்புக்கோட்டை, பந்தல்குடி, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரத்தில் பிக்கப் வண்டி வைத்துப் பிழைக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,



விடிகாலையில் வண்டியை எடுக்கும்போது என்ஜின் பக்கம் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. நாலுவழிச் சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடுகிறது. "சூடு ஏறுனா சரியாயிருது" என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறீர்கள். பிறகு ஒரு நாள் சத்தம் நிற்காமலே வருகிறது, ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, பட்டறைக்குக் கொண்டு வருகிறீர்கள். திறந்து பார்த்தால் கடைசி சிலிண்டர் பக்கம் சைலன்சர் மேனிபோல்டைப் பிடிக்கும் ஸ்டட் ஒன்று ஹெட்டோடு மட்டமாக உடைந்து நிற்கும். பக்கத்து ஸ்டட்டில் நட்டு இருக்காது. "சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருங்க, விடியக்காலம் பூ லோடு இருக்கு" என்பீர்கள். அந்த அவசரத்தைப் பற்றித்தான் இந்த மடல் எழுதுகிறேன்.

சூடானதும் சத்தம் நிற்பதற்குக் காரணம், ஓட்டை அடைபட்டதல்ல. குளிர்ந்திருக்கும்போது மேனிபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே முடி அளவு இடைவெளி இருக்கிறது. சூடேறினால் இரும்பு விரிந்து அந்த இடைவெளியை நெருக்குகிறது. இரவு குளிர்ந்ததும் மறுபடி திறந்துகொள்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூடும்போதும் பேக்கிங் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப்படுகிறது. தறிச் சத்தம் லேசாக மாறினாலே அடுக்களையில் இருந்து எழுந்து வந்து பார்க்கிற ஊர் நம்முடையது. அந்தக் காதை வண்டிக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பலர் இந்தச் சத்தத்தை டேப்பட் சத்தம் என்று நினைத்து டேப்பட் வைக்கச் சொல்கிறார்கள். வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. லோடோடு ஆக்சிலேட்டரை மிதித்தால் மேனிபோல்டு லீக் சத்தம் கூடும். டேப்பட் சத்தம் லோடுக்காக அவ்வளவு கூடாது. லீக் உள்ள இடத்தில் ஹெட்டின் மேல் கறுப்புக் கோடு போலக் கரி படிந்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும். சந்தேகம் தீராவிட்டால், என்ஜின் முழுவதும் குளிர்ந்த பிறகு சைலன்சர் வாயில் துணியைச் சுற்றி மெதுவாகக் காற்றை ஊதச் செய்து, மேனிபோல்டு ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடத்தில்தான் நோய்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஏன் எப்போதும் கடைசி ஸ்டட்?

நாலு சிலிண்டர் வண்டியின் மேனிபோல்டு 40 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அது வார்ப்பிரும்பு. காலையில் 30 டிகிரியில் இருப்பது, லோடோடு ஓடும்போது 450 டிகிரி வரை ஏறினால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளுகிறது. ஹெட்டுக்குள்ளே தண்ணீர் ஓடுவதால் அது 90 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கும். அது நீளுவது இதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. நடுவில் இருக்கும் ஸ்டட்டுக்கு இந்த இழுபறி தெரியாது. இரண்டு கடைசிகளிலும் இருப்பவைதான் தாங்குகின்றன. தினமும் காலையில் ஒரு பக்கம் வளைந்து, ராத்திரி திரும்பி வந்து, நாளடைவில் களைத்து உடைகின்றன. இதற்காகத்தான் மேனிபோல்டின் கடைசித் துளைகள் ஸ்டட்டை விடப் பெரிதாக விடப்பட்டிருக்கின்றன. துளை பெரிதாயிருக்கிறதே என்று அதற்கேற்ற தடித்த போல்டைப் போட்டு இறுக்குபவர்கள், நகர வேண்டியதை நகரவிடாமல் கட்டிப்போடுகிறார்கள். அடுத்து மேனிபோல்டே விரிசல் விடும்.

இது நம் ஊர் வண்டிக்கு மட்டும் வந்த குறையும் அல்ல. அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் 5.4 லிட்டர் என்ஜினிலும், ராம் பிக்கப்பின் ஹெமி என்ஜினிலும் மேனிபோல்டு போல்ட் உடைவது அங்குள்ள மெக்கானிக்குகளுக்கு அன்றாட வேலை. அங்கும் பெரும்பாலும் ஓரத்தில் இருப்பவைதான் முதலில் போகின்றன. இரும்பின் குணம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

ஆனால் வெப்பம் மட்டும் காரணம் என்றால் ஒரு ஸ்டட் பல வருடம் தாங்கும். நம் பக்கத்து வண்டிகளில் அவ்வளவு காலம் தாங்காததற்குக் காரணம் கீழே இருக்கிறது. வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். சைலன்சர் பைப்பைத் தாங்கும் ரப்பர் புஷ் அறுந்திருக்கும். அந்த இடத்தில் கட்டுக்கம்பி முறுக்கியிருக்கும். பிராக்கெட் ஒன்று வெல்டு விட்டுத் தொங்கும். என்ஜின் மவுண்டிங் ரப்பர் நசுங்கி, ஸ்டார்ட் செய்யும்போது என்ஜின் ஒரு பக்கம் துள்ளும். அப்படியானால் சைலன்சர் முழுவதும் தன் பாரத்தை முன்னால் உள்ள மேனிபோல்டில் மாட்டிக்கொண்டு ஆடுகிறது. பைப்பின் நீளம் நெம்புகோலாகி, ஒவ்வொரு பள்ளத்திலும் கடைசி ஸ்டட்டை இழுக்கிறது.

பள்ளத்துக்கு நமக்குக் குறைவில்லை. கரிசல் மண் மழையில் ஊதிக் கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் போட்ட தார்ச் சாலை, போட்ட மறு வருடமே அலை அலையாக எழும்பிவிடும். நரிக்குடிப் பக்கம் கரிமூட்டத்தில் இருந்து கரி மூட்டை ஏற்றி வரும் வண்டிகள் காட்டுப்பாதையில் முதல் கியரில் ஊர்ந்து வருகின்றன. தண்ணீர் டேங்க் வைத்து ஊருக்குள் நடை அடிக்கும் வண்டிகளில், பிரேக் போடும்போதெல்லாம் தண்ணீர் முன்னும் பின்னும் அடித்து வண்டியை உலுக்குகிறது. அளவுக்கு மீறின லோடோடு, காற்றே படாத வேகத்தில், என்ஜின் முக்கி முக்கி இழுக்கும்போதுதான் மேனிபோல்டின் சூடு உச்சிக்குப் போகும். தூத்துக்குடிக்குப் போய் மீன் லோடும் உப்பு லோடும் அடிப்பவர்களுக்குத் துருவும் சேர்ந்துகொள்கிறது. அந்த வண்டிகளில் நட்டு எது, ஸ்டட் எது என்று பிரித்துச் சொல்வதே கஷ்டம்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். லோடு இறக்கிவிட்டு வந்த சூட்டோடு பம்புசெட்டில் நிறுத்தி என்ஜின் மேல் தண்ணீர் அடிப்பது. சூடான வார்ப்பிரும்பின் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடக்கூடும். ஒரு மணி நேரமாவது ஆறவிட்டுக் கழுவுங்கள். முடிந்தால் அந்தப் பக்கம் தண்ணீரே அடிக்காதீர்கள்.

ஆகவே, ஸ்டட் உடைந்த வண்டிக்கு ஸ்டட் மட்டும் போட்டு அனுப்பச் சொல்வது பாதி வேலையைக்கூடச் செய்யச் சொல்வதாகாது. புஷ், பிராக்கெட், என்ஜின் மவுண்டிங் மூன்றையும் பார்க்காமல் புது ஸ்டட் போட்டால் அதுவும் அதே இடத்தில் உடையும். இந்த மூன்றையும் மாற்றும் செலவு, உடைந்த ஸ்டட்டை எடுக்க லேத்துப் பட்டறைக்கு ஹெட்டைக் கழற்றிக் கொண்டுபோகும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

சத்தத்தோடு ஓடினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். டர்போ உள்ள வண்டியில் புகை டர்போவைச் சுற்றுவதற்கு முன்பே வெளியே போய்விடுகிறது. அதனால் காற்று குறைகிறது, கறும்புகை வருகிறது, மிதித்தால் டீசல்தான் போகிறது. லீக் ஆகும் இடத்தில் நெருப்பு மாதிரி வரும் வாயு ஹெட்டின் முகத்தையே அரித்துப் பள்ளம் போடும். அப்புறம் எத்தனை பேக்கிங் போட்டாலும் நிற்காது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் புகைக்குழாயில் சென்சார்கள் இருக்கின்றன. லீக் அவற்றுக்குத் தவறான கணக்கைக் கொடுத்து, டேஷ்போர்டில் லைட் எரிந்து, வண்டி வேகம் எடுக்காமல் நின்றுவிடக்கூடும்.

இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். உயிரோடு போகிற விஷயம் வேறு. 2005-இல் டாடா ஏஸ் வந்தபோது குட்டியானை என்று பெயர் வைத்து வாங்கினோம். அதில் என்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அந்த அமைப்பில் மேனிபோல்டு லீக் ஆனால் புகை முதலில் தேடுவது கேபினைத்தான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. டீசலில் அது பெட்ரோலை விடக் குறைவு என்பது உண்மை. ஆனால் என்ஜினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு மாட்டுத்தாவணியில் சந்தை திறக்கும்வரை கண்ணயர்கிறவர்களுக்கு அந்தக் குறைவு காவலாகாது. தலைவலி, குமட்டல், தூக்கக் கிறக்கம் வந்தால் அசதி என்று நினைக்காதீர்கள். கதவைத் திறந்து இறங்குங்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதியாக அறிவித்துவிட்டது. பூ எடுக்கவும் களை எடுக்கவும் பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிற வண்டிகள் உண்டு. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதே கூடாது என்பது சட்டம். லீக்கோடு ஏற்றுவது அதைவிடப் பாவம்.

தீயும் இருக்கிறது. லீக் வாயு எந்தப் பக்கம் பீறிடுகிறது என்று பாருங்கள். அதற்கு நேரே வயர் கட்டோ டீசல் ஹோஸோ இருந்தால் ரப்பர் உருகிக்கொண்டிருக்கும். பின்னால் இருப்பது வைக்கோலும் கரியும், சிவகாசி, சாத்தூர் பக்கம் போகிறவர்களுக்குத் தீப்பெட்டியும் பட்டாசும்.

இனி, உடைந்த ஸ்டட்டை எடுக்கும் வேலை. வண்டிக்காரர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் ஒரு நாள் ஆகிறது என்று புரிந்தால்தான் பட்டறையில் அவசரப்படுத்தமாட்டீர்கள்.

உடையாத ஸ்டட்டுகளைக் கழற்றுவதிலேயே பாதித் திறமை இருக்கிறது. முந்தின நாள் மாலையே நட்டுகளின் மேல் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். காலையில் ஒரு முறை விட வேண்டும். ஒரே பக்கமாக இழுக்கக்கூடாது. கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று இறுக்கி, மறுபடி கழற்றி, துருப் பொடி மரையில் இருந்து வெளியே வர இடம் கொடுக்க வேண்டும். அசையவில்லை என்றால் கேஸ் வைத்து நட்டை மட்டும் சிவக்கச் சூடாக்கி, ஆறும்போது மெழுகுவத்தியைத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். பொறுமையாகச் செய்தால் பத்தில் பெரும்பகுதி உடையாமல் வரும். நீளமான பைப்பைச் சொருகி ஒரே எம்பு எம்பினால் இரண்டு ஸ்டட் பிரச்சினை ஐந்து ஸ்டட் பிரச்சினையாகும்.

உடைந்தது ஹெட்டுக்கு வெளியே கொஞ்சமாவது நீட்டிக்கொண்டிருந்தால் நல்ல காலம். அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டு நிரப்ப வேண்டும். வெல்டின் சூடே துருப்பிடியை விடுவிக்கும். சிவப்பு மறைந்த பிறகு, இன்னும் சூடு இருக்கும்போதே, ஸ்பேனரை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் வந்துவிடும். வெள்ளைப் பூச்சு போட்ட நட்டை வெல்டு செய்யக்கூடாது. அந்தத் துத்தநாகப் புகை நெஞ்சுக்குள் போனால் ராத்திரி குளிர்காய்ச்சல் அடிக்கும். வெல்டுக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், எர்த்தை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். இல்லாவிட்டால் என்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.எம். போய்விடும், அதன் விலைக்கு எத்தனை பூ லோடு அடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹெட்டோடு மட்டமாகவோ உள்ளேயோ உடைந்திருந்தால்தான் நிஜமான சோதனை. துரப்பணம் நடுவில் இறங்க வேண்டும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஹெட்டின் மென்மையான பக்கம் சாய்ந்து மரையைத் தின்றுவிடும். கையால் பிடித்த டிரில் மெஷினை நம்பாமல், மேனிபோல்டையே திரும்ப மாட்டி, அதன் துளைக்குள் லேத்தில் கடைந்த ஒரு புஷ் வைத்து, அந்த புஷ் வழியாகத் துளை போடுவது நல்ல முறை. முதலில் சின்ன பிட், பிறகு பெரிது. 8 மில்லிமீட்டர், 1.25 மரை ஸ்டட்டுக்கு 6.8 பிட்டுக்கு மேல் போகக்கூடாது. மீதியை மரை வெட்டும் டேப் வழித்து எடுக்கும். இடது பக்கம் சுற்றும் பிட் கிடைத்தால் துளை போடும்போதே சில சமயம் ஸ்டட் கழன்று வந்துவிடும். பின்னால் தண்ணீர் ஓடும் அறை இருக்கும் என்ஜின்களில் எவ்வளவு ஆழம் போகிறோம் என்று பிட்டில் டேப் ஒட்டி அடையாளம் வைக்க வேண்டும்.

ஈஸி அவுட்டைப் பற்றிப் பட்டறைப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். சூட்டில் பிடித்துக்கொண்ட ஸ்டட்டுக்கு அதைப் போட்டு முறுக்காதீர்கள். அது ஸ்டட்டை விடக் கெட்டியான எஃகு. உள்ளே உடைந்தால் சாதாரண பிட் அதன்மேல் வழுக்கும். ஸ்பார்க் எரோஷன் மெஷின் இருக்கும் இடம் தேடி ஹெட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். மரை போய்விட்டால் வெட்கப்படாமல் ஹெலிகாயில் போடுங்கள். சரியாகப் போட்ட ஹெலிகாயில் பழைய மரையை விட உறுதி. பழைய பேக்கிங்கைச் சுரண்டுவதற்கு முன் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள். அதில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசியை நீங்கள் மூச்சில் இழுக்க வேண்டியதில்லை.

மேனிபோல்டைத் திரும்ப மாட்டுவதற்கு முன் அதன் முகத்தில் நேரான ஸ்கேலை வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.2 மில்லிமீட்டருக்கு மேல் நுழைந்தால் அது வளைந்திருக்கிறது; லேத்துப் பட்டறையில் முகம் சமப்படுத்தியே ஆக வேண்டும். வளைந்த மேனிபோல்டை ஸ்டட்டால் இழுத்து ஒட்டவைப்பது, புது ஸ்டட்டை மாட்டும்போதே உடையத் தயார் செய்வது. எம்-சீல், சிலிக்கான் பேஸ்ட் எல்லாம் இந்தச் சூட்டுக்கு நிற்காது. விரிசல் விட்ட மேனிபோல்டைச் சாதாரண ராடால் பற்றவைத்தால் வெல்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் வரும். நிக்கல் ராடு வேண்டும், முன்னதாகச் சூடேற்ற வேண்டும், பற்றவைத்த பிறகு சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். கரிமூட்டத்து ஊரில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. அவ்வளவு செய்யத் தோதில்லை என்றால் வேறு மேனிபோல்டு வாங்கிவிடுங்கள்.

ஸ்டட்டை ஹார்டுவேர் கடையில் வாங்காதீர்கள். கேட் மாட்டும் போல்டுக்கும் இதற்கும் நீளமும் மரையும் ஒன்றாக இருக்கலாம், இரும்பு வேறு. வண்டிக் கம்பெனி ஸ்டட்டும் செம்புப் பூச்சு நட்டும் கேளுங்கள். இறுக்கும்போது நடுவில் தொடங்கி இரு பக்கமும் போக வேண்டும், இரண்டு மூன்று சுற்றாக. 8 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்குப் பொதுவாக 25 நியூட்டன் மீட்டர் சுற்றுவட்டாரத்தில்தான் அளவு இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே முடிவு. கால் மீட்டர் ஸ்பேனரில் 20 கிலோ பலம் கொடுத்தாலே அது இரு மடங்காகிவிடும். டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறைக்கு இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். என் பட்டறையிலும் அது எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டுவிட்டே சாவியைக் கொடுங்கள்.

இத்தனைக்கும் வண்டி ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் நிற்க வேண்டும். டியூ கட்டுகிறவர்களுக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். மல்லிகைக்கு இன்று என்றால் இன்றுதான். பறித்த பூ உங்கள் ஸ்டட்டுக்காகக் காத்திருக்காது. அதனால்தான் தனித்தனியாகச் சொல்லாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன். ஒரே சந்தைக்குப் போகிற நாலைந்து வண்டிக்காரர்கள் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வண்டி பட்டறையில் நிற்கும் நாளில் அவர் லோடை மற்றவர்கள் ஏற்றிப் போய், வாடகையில் டீசல் காசு கழித்து மீதியை அவருக்கே கொடுங்கள். அடுத்த மாதம் உங்கள் முறை. மார்கழி, தையில் பூ வரத்து குறையும்போது பூ வண்டிகளை நிறுத்தலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூட்டம் போட முடியாத நாட்களில் கரி வண்டிகள் வரலாம். சத்தம் கேட்ட வாரமே ஒரு முறை காட்டிவிட்டால், எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று சொல்லிவிடலாம்.

வரும்போது ஒன்று செய்யுங்கள். ஸ்டட்டின் உடைந்த துண்டு மேனிபோல்டிலோ என்ஜின் கவரிலோ கிடந்தால் தூக்கி எறியாமல் காகிதத்தில் மடித்துக் கொண்டு வாருங்கள். உடைந்த முகம் வழவழப்பாக, கோடு கோடாக இருந்தால் அது ஆடி ஆடிக் களைத்து உடைந்தது; முதலில் சைலன்சர் புஷ்ஷையும் என்ஜின் மவுண்டிங்கையும் பார்ப்பேன். கழுத்து இழுத்து மெலிந்திருந்தால் யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். மற்ற ஸ்டட்டுகளையும் மாற்றியாக வேண்டும். முகத்தில் பாதி பழைய துரு, பாதி புது வெள்ளை என்றால் விரிசல் விட்டு நாளாகிறது. அந்த வண்டியில் மேனிபோல்டு வளைந்திருக்கிறதா என்று ஸ்கேலோடுதான் தொடங்குவேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் பட்டறைக்காரன்,
அருப்புக்கோட்டை